பகிர்ந்த கோப்பில் திருத்தங்கள் மோதினால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பலர் சேர்ந்து திருத்தும் கோப்பில் ஏதோ தவறாகத் தெரிந்தால், உடனே சேவ் பொத்தானை அழுத்தத்தான் கை போகும். அழுத்தாதீர்கள். கோப்பை மூடவும் வேண்டாம், எதையும் நீக்கவும் வேண்டாம். திரையில் இருப்பதை முழுவதுமாகத் தேர்ந்தெடுத்து, புதிய கோப்பு ஒன்றில் ஒட்டி, உங்கள் கணினியில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மோதல் நடந்த நேரத்தில் எல்லாருடைய திருத்தங்களும் பெரும்பாலும் எங்கேயோ ஓரிடத்தில் இருக்கத்தான் செய்யும். அதற்குப் பிறகு பதற்றத்தில் நாம் அழுத்தும் பொத்தான்கள்தான் அவற்றை நிரந்தரமாகத் தொலைத்துவிடுகின்றன.

அடுத்து, அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அலுவலக சர்வரில் உள்ள பொது ஃபோல்டரிலா? கூகுள் டாக்ஸ் போல நேரடியாக இணையத்திலா? ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போல உங்கள் கணினிக்கும் இணையத்துக்கும் இடையே ஒத்திசையும் ஃபோல்டரிலா? இல்லை, மின்னஞ்சலில் இணைப்பாக வந்ததா? அறிகுறி ஒன்றாக இருந்தாலும் இடத்தைப் பொறுத்து மருந்து மாறும். ஆனால் காரணம் அநேகமாக ஒன்றுதான்: ஒரே கோப்புக்கு இரண்டு நகல்கள் உருவாகி, இரண்டு பேர் ஆளுக்கொன்றை அசல் என்று நம்பித் திருத்தியிருப்பார்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு அறிகுறியிலும் அந்த இரண்டாவது நகல் எங்கே பிறந்தது என்பதைத்தான் தேடப் போகிறோம்.

நேற்று செய்த திருத்தம் இன்று இல்லை

அதிகம் மனம் நோகச் செய்வது இதுதான், அதிகம் நடப்பதும் இதுதான். காலையில் சக ஊழியர் ஒருவர் பொது ஃபோல்டரில் இருந்த கோப்பைத் தன் கணினிக்கு நகலெடுத்துக்கொண்டார். நீங்கள் மதியம் பொது ஃபோல்டரிலேயே திறந்து, திருத்தி, சேமித்தீர்கள். மாலையில் அவர் தன் நகலை அதே பெயரில் மேலே போட்டார். ஏற்கெனவே உள்ள கோப்பை மாற்றவா என்று விண்டோஸ் கேட்டிருக்கும். தன்னுடைய பழைய கோப்பைத்தானே மாற்றுகிறோம் என்று அவரும் ஆம் சொல்லியிருப்பார். உங்கள் மதிய வேலை அங்கே போயிற்று.

ஆனால் ஒருவரைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள்: இப்போது திறந்திருப்பது நேற்று நீங்கள் திருத்திய அதே கோப்புதானா? வேர்டில் சமீபத்திய கோப்புகளின் பட்டியலுக்குப் போய், பெயருக்குக் கீழே காட்டும் பாதையைப் படியுங்கள். ஒரே பெயரில் இரண்டு வரிகள் இருந்து, ஒன்று டவுன்லோட்ஸ் ஃபோல்டரையோ மின்னஞ்சல் செயலியின் தற்காலிக ஃபோல்டரையோ காட்டினால் விஷயம் புரிந்துவிட்டது. மின்னஞ்சல் இணைப்பை நேரடியாகத் திறந்து திருத்தியிருக்கிறீர்கள். உங்கள் உழைப்பு அந்தத் தற்காலிக நகலில் இருக்கிறது. தற்காலிக ஃபோல்டர் எப்போது வேண்டுமானாலும் காலியாகலாம் என்பதால், உடனே அதை வேறு இடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள்.

கோப்பு அதேதான் என்றால் பதிப்பு வரலாற்றைத் திறக்க வேண்டும். கூகுள் டாக்ஸிலும் ஷீட்ஸிலும் ஃபைல் பட்டியலுக்குள் வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கிறது. ஒன்டிரைவ், ஷேர்பாயின்ட் (அலுவலகங்கள் கோப்புகளை இணையத்தில் பகிர்ந்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) கோப்புகளுக்கு, உலாவியில் கோப்பின் பெயர் மேல் வலது கிளிக் செய்தால் அதே பெயரில் ஒரு வரி வரும். சர்வரில் உள்ள பொது ஃபோல்டர் என்றால் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸ் பெட்டியில் ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ் என்ற தாவலைப் பாருங்கள். சர்வர் நிர்வாகி அந்த வசதியை இயக்கி வைத்திருந்தால்தான் அங்கே ஏதாவது இருக்கும். காலியாக இருந்தால் தினசரி பேக்கப்பிலிருந்து எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

விரிதாளில் ஒரே ஒரு எண்தான் மாறியிருக்கிறது என்றால் முழு வரலாற்றையும் புரட்ட வேண்டியதில்லை. கூகுள் ஷீட்ஸில் அந்த அறையின் (செல்) மேல் வலது கிளிக் செய்து எடிட் ஹிஸ்டரியைக் கேட்டால், யார் எப்போது எதை எதாக மாற்றினார் என்று வரிசையாகக் காட்டும். இணையத்தில் வைத்த எக்ஸெல் கோப்புக்கு ரிவ்யூ தாவலில் ஷோ சேஞ்சஸ் இருக்கிறது. அது 60 நாள் வரையிலான மாற்றங்களை வைத்திருக்கும்.

சரி, பழைய பதிப்பு கிடைத்துவிட்டது. இங்கேதான் இரண்டாவது விபத்து நடக்கிறது. ரீஸ்டோர் என்று பெரிதாக ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உங்கள் திருத்தம் திரும்பி வரும், உங்களுக்குப் பிறகு மற்றவர்கள் செய்தவை எல்லாம் நடப்புக் கோப்பிலிருந்து போய்விடும். அதாவது அவர் உங்களுக்குச் செய்ததை நீங்கள் அவருக்குச் செய்கிறீர்கள். அதனால் ரீஸ்டோர் செய்யாமல், பழைய பதிப்பைத் தனி நகலாகத் திறந்து, காணாமல் போன பகுதியை மட்டும் எடுத்து நடப்புக் கோப்பில் ஒட்டுங்கள். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகலாம். அந்தப் பத்து நிமிடம் இன்னொருவரின் ஒரு நாள் உழைப்பைக் காப்பாற்றும்.

பதிப்பு வரலாறு என்றென்றைக்கும் இருக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. தனிநபர் மைக்ரோசாஃப்ட் கணக்கின் ஒன்டிரைவ் கடைசி 25 பதிப்புகளை வைத்திருக்கும். கூகுள் டிரைவில் போட்ட வேர்டு, பிடிஎஃப் போன்ற கோப்புகளின் பழைய பதிப்புகள் 30 நாளிலோ 100 பதிப்புகளைத் தாண்டியதுமோ நீக்கப்படலாம். முக்கியமான பதிப்பு என்றால் நிரந்தரமாக வைத்துக்கொள் என்ற தேர்வை அங்கேயே குறித்துவிடுங்கள்.

வேறொருவர் திறந்திருக்கிறார் என்கிறது, ஆனால் யாருமே திறக்கவில்லை

பொது ஃபோல்டரில் உள்ள வேர்டு அல்லது எக்ஸெல் கோப்பை ஒருவர் திறந்தால், அதே ஃபோல்டரில் மறைவாக ஒரு சின்னக் கோப்பு உருவாகும். அதன் பெயர் ~$ என்ற குறிகளோடு தொடங்கும். உள்ளே திறந்தவரின் பெயர் இருக்கும். அதுதான் பூட்டு. அவர் ஒழுங்காக மூடினால் பூட்டும் தானாக நீங்கும். வேர்டு பாதியில் நின்றாலோ, மடிக்கணினியை அப்படியே மூடி வைத்துவிட்டுப் போனாலோ பூட்டு அங்கேயே கிடக்கும். லிப்ரெ ஆஃபிஸும் இதே வேலையைச் செய்கிறது. அதன் பூட்டுக் கோப்பு # குறியோடு முடியும்.

முதலில், செய்தியில் வரும் பெயருக்கு உரியவரிடம் கேளுங்கள். அந்தப் பெயர் பல நேரம் உங்களுடையதாகவே இருக்கும், குழம்ப வேண்டாம்: உங்கள் கணினியில் வேர்டு திரையில் தெரியாமல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். டாஸ்க் மேனேஜரில் அதை நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன் சேமிக்காத வேறு வேர்டு கோப்புகள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் தீரவில்லை என்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முன்னோட்டப் பலகத்தைச் சந்தேகப்படுங்கள். யாரோ ஒருவர் கோப்பைத் திறக்காமல் ஒரே ஒரு கிளிக்கில் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாலும், வலப்பக்க முன்னோட்டம் அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆல்ட் விசையோடு பி விசையை அழுத்தினால் பலகம் மூடும்.

கடைசி வழி: எல்லாரும் வெளியேறிவிட்டார்கள் என்று உறுதியான பிறகு, மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, அந்த ~$ கோப்பை நீக்குவது. யாராவது உண்மையிலேயே திறந்து வைத்திருந்தால் விண்டோஸ் பெரும்பாலும் நீக்க விடாது; அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். சர்வர் நிர்வாகியால் எந்தப் பயனர் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார் என்ற பட்டியலைப் பார்க்கவும் அங்கிருந்தே அதைத் துண்டிக்கவும் முடியும். ஆனால் அந்தப் பயனரிடம் சேமிக்காத வேலை இருந்தால் அது போய்விடும். ஒரு தொலைபேசி அழைப்பு இல்லாமல் இதைச் செய்யச் சொல்லாதீர்கள்.

ஷேர்பாயின்டில் உள்ள கோப்பு என்றால் வேர்டு திடீரென்று நின்ற பிறகு சுமார் 10 நிமிடம் பொறுத்துப் பாருங்கள், பூட்டு தானாகவே விடுபடும். விடவில்லை என்றால் யாரோ செக்-அவுட் செய்துவிட்டு, அதாவது மற்றவர்கள் திருத்த முடியாதபடி தன் பெயரில் எடுத்துவைத்துவிட்டு, திரும்ப ஒப்படைக்காமல் போயிருக்கலாம். கோப்பின் சின்னத்தில் அதற்கான அடையாளம் தெரியும்.

பூட்டியிருக்கும் நேரத்தில் வேர்டு சில வழிகளைக் காட்டும். நகலெடுத்துத் திருத்திப் பிறகு இணைத்துக்கொள்ளலாம் என்பது அதில் ஒன்று. அவசரமே என்றாலும் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பேன். பிறகு இணைப்பது யார் வேலை என்று யாருக்கும் நினைவிருக்காது. படிக்க மட்டும் திறந்துகொண்டு, கோப்பு விடுபட்டதும் அறிவிக்கச் சொல்லும் தேர்வைக் குறித்துக்கொள்வது மேல்.

ஒரே கோப்பு இரண்டாக நிற்கிறது

ஒத்திசையும் ஃபோல்டரில் ஒரு நாள் காலையில் அறிக்கை என்ற கோப்புக்குப் பக்கத்தில், அதே பெயரோடு உங்கள் கணினியின் பெயரும் சேர்ந்த இன்னொரு கோப்பு நிற்கும். ஒன்டிரைவின் பழக்கம் அது. டிராப்பாக்ஸ் என்றால் ஒருவரின் பெயரும் தேதியும் சேர்த்து, மோதிய நகல் என்று ஆங்கிலத்தில் எழுதி வைக்கும். இதைக் கண்டு எரிச்சல் வரும், ஆனால் இது நல்ல செய்தி. இரண்டு பேரின் வேலையும் பத்திரமாக இருக்கிறது. எது சரி என்று தன்னால் முடிவெடுக்க முடியாததால் மென்பொருள் இரண்டையும் வைத்திருக்கிறது. தேதியைப் பார்த்துப் பழையதை நீக்கிவிடுவதுதான் இங்கே செய்யக்கூடிய பெரிய பிழை. பிறகு சேமித்தவரின் கோப்பில் முன்பு சேமித்தவரின் திருத்தம் இருக்காது. பிந்தையது என்பதால் அது முழுமையானது ஆகிவிடாது.

வேர்டு கோப்பானால் ரிவ்யூ தாவலில் கம்பேர் என்ற பொத்தானுக்குள் கம்பைன் இருக்கிறது. இரண்டு கோப்புகளையும் கொடுத்து, முடிவைப் புதிய ஆவணமாகக் காட்டச் சொல்லுங்கள். வேறுபாடுகள் எல்லாம் திருத்தக் குறிகளாக வரும். ஒவ்வொன்றாக ஏற்கலாம், மறுக்கலாம். லிப்ரெ ஆஃபிஸில் எடிட் பட்டியலின் ட்ராக் சேஞ்சஸ் பகுதியில் ஒப்பிடும் வசதியும் இணைக்கும் வசதியும் உண்டு. இந்த வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். இரண்டு நகல்களின் சொந்தக்காரர்களும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் சீக்கிரம் முடியும், பிறகு மனக்கசப்பும் வராது.

விரிதாள் இவ்வளவு எளிதில் வழிக்கு வராது. இரண்டு தாள்களையும் ஒரே கோப்பில் வைத்து, மூன்றாவது தாளில் ஒரே இடத்து அறைகள் சமமா என்று கேட்கும் சூத்திரத்தை எழுதி இழுத்துவிட்டால், மாறிய அறைகள் தெரிந்துவிடும். ஆனால் யாராவது நடுவில் ஒரு வரிசையைச் சேர்த்திருந்தால் அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் வேறுபட்டதாகவே காட்டும். அப்போது வரிசை எண்ணை விட்டுவிட்டு, பில் எண், பணியாளர் எண் போல மாறாத ஒன்றை வைத்துத் தேடி ஒப்பிட வேண்டும். அப்படி ஒரு நெடுவரிசை உங்கள் தாளில் இல்லையென்றால் இன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

நகல் ஏன் பிறந்தது? ஒருவர் இணையம் இல்லாத நேரத்தில் திருத்தியிருப்பார். அல்லது ஒத்திசைவை நிறுத்தி வைத்ததை மறந்திருப்பார். அல்லது ஒருவர் வேர்டிலும் மற்றவர் ஒத்திசைவைப் பற்றி எதுவும் தெரியாத வேறு செயலியிலும் திறந்திருப்பார். வேலை தொடங்கும் முன் டாஸ்க்பாரில் மேகச் சின்னத்தைப் பார்க்கும் பழக்கம் இந்த அறிகுறியைப் பெருமளவு தடுத்துவிடும். இடைநிறுத்தக் குறியோ சிவப்புக் குறியோ இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் கோப்பைத் திறக்க வேண்டும்.

அவர் எழுதுவது என் திரையில் வரவில்லை

இருவரும் ஒரே இணைப்பைத்தான் திறந்தோம் என்பார்கள், ஆனால் ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது. இதை வரிசையாகச் சரிபார்த்துவிடலாம்:

1. மேல் இடது மூலையில் ஆட்டோசேவ் (தானாகச் சேமிக்கும் வசதி) இயங்குகிறதா? நின்றிருந்தால் உங்கள் திருத்தம் நீங்கள் சேமிக்கும்வரை யாருக்கும் போகாது.
2. கோப்பு 2007-க்கு முந்தைய பழைய வேர்டு, எக்ஸெல் வடிவத்தில் இருக்கிறதா? தலைப்பில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்று வந்தால் பழையதாக இருக்கலாம். புதிய வடிவத்தில் மாற்றிச் சேமித்து, பழையதை ஃபோல்டரிலிருந்து அப்புறப்படுத்துங்கள். இரண்டும் பக்கத்தில் இருந்தால் நாளைக்கு யாராவது பழையதைத் திறப்பார்கள்.
3. திறப்பதற்கே கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்பா? அப்படிப்பட்டதில் ஒரே நேரத்தில் பலர் திருத்த முடியாது. கடவுச்சொல்லை எடுத்துவிட்டு, யார் பார்க்கலாம் என்பதை ஃபோல்டர் அனுமதியால் கட்டுப்படுத்துங்கள்.
4. எக்ஸெலில் ஷேர்டு வொர்க்புக் என்ற பழைய வசதி இன்னும் இயங்குகிறதா? அதை நிறுத்தினால்தான் புதிய முறை வேலை செய்யும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், சர்வர் ஃபோல்டரில் உள்ள கோப்பைத் திறந்துவிட்டு இணையத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். சாதாரண நெட்வொர்க் ஃபோல்டரில் உடனிருந்து திருத்தும் வசதி கிடையாது. அங்கே பூட்டு மட்டும்தான்.

போன மாத அறிக்கை இந்த மாத அறிக்கையாக மாறிவிட்டது

ஆட்டோசேவ் வந்த பிறகு அதிகமான தொல்லை இது. பழைய கோப்பைத் திறந்து, மாதத்தையும் எண்களையும் மாற்றிவிட்டு, கடைசியில் வேறு பெயரில் சேமிப்பது பலருக்கும் பழகிய வழி. முன்பு அது பாதுகாப்பாக இருந்தது. இப்போது முதல் எழுத்தை மாற்றிய சில நொடிகளிலேயே அசல் மாறத் தொடங்கிவிடும். பதிப்பு வரலாற்றில் நீங்கள் கைவைப்பதற்கு முந்தைய பதிப்பை எடுத்து மீட்டுவிடுங்கள். நடுவில் வேறு யாரும் திருத்தியிருக்கவில்லை என்றால் இந்த ஒரு இடத்தில் ரீஸ்டோர் பொத்தான் சரியான மருந்து. அடுத்த மாதத்திலிருந்து முதலில் நகல் சேமியுங்கள், பிறகு தட்டச்சு செய்யுங்கள். முடிந்த அறிக்கைகளை மற்றவர்களுக்குப் படிக்கும் அனுமதி மட்டும் உள்ள ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

நான் வரிசைப்படுத்தினால் எல்லாருக்கும் கலைகிறது

பகிர்ந்த விரிதாளில் நீங்கள் போடும் வடிப்பான் மற்றவர் திரையிலும் வரிசைகளை மறைத்துவிடும். அவர் தன் தரவைக் காணோம் என்று பதறி மீண்டும் தட்டச்சு செய்வார், பதிவு இரட்டிக்கும். கூகுள் ஷீட்ஸில் டேட்டா பட்டியலின் ஃபில்டர் வியூ, எக்ஸெலில் வியூ தாவலின் ஷீட் வியூ இதற்காகவே இருக்கின்றன. உங்கள் வடிப்பான் உங்களுக்கு மட்டும் தெரியும். சூத்திரங்கள் உள்ள நெடுவரிசைகளை ப்ரொடெக்ட் வசதியால் பூட்டிவிடுவதும் நல்லது.

எந்தப் பிழைச் செய்தியும் இல்லை, ஆனால் பத்தி பொருளற்றுப் போயிற்று

மோதல்களில் நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான், ஏனென்றால் எந்த மென்பொருளும் இதைக் காட்டித் தராது. ஒரே நேரத்தில் பலர் தட்டச்சு செய்தாலும் எல்லார் திரையிலும் கடைசியில் ஒரே எழுத்துகள் நிற்க வேண்டும் என்ற சிக்கலுக்கு எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1989-இல் ஒரு வழியை வெளியிட்டார்கள். கூகுள் டாக்ஸ் போன்றவை அந்த வழியில் வளர்ந்தவைதான். அந்த முறை எழுத்துகளை ஒத்திசைக்கும், பொருளை ஒத்திசைக்காது. ஒருவர் மூன்றாம் பத்தியில் கெடுவை வெள்ளிக்கிழமை என்று மாற்றுகிறார். அதே நேரத்தில் இன்னொருவர் ஏழாம் பத்தியில், திங்கள் கெடு முடிந்ததும் என்று தொடங்கி ஒரு வாக்கியம் எழுதுகிறார். கணினிக்கு இது மோதலே அல்ல, இரண்டும் வெவ்வேறு பத்திகள். படிப்பவர்தான் குழம்புவார்.

இதற்கு ஆள்தான் மருந்து. கோப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரைத் தலைப்புக்குக் கீழேயே எழுதி வையுங்கள். அடுத்தவர் பகுதியில் மாற்றம் தோன்றினால் நேரடியாகத் திருத்தாமல் கூகுள் டாக்ஸில் சஜெஸ்டிங் முறைக்கும் வேர்டில் ட்ராக் சேஞ்சஸுக்கும் மாறிக்கொள்ளுங்கள். தேதி, தொகை, பெயர் போல பல இடங்களில் வரும் விவரங்களை ஒரு சின்ன அட்டவணையில் ஆவணத்தின் மேலேயே போட்டுவிட்டால், அவற்றை மாற்றுபவர் மற்ற இடங்களையும் தேடி மாற்ற வேண்டும் என்பது நினைவுக்கு வரும்.

அனுப்புவதற்கு முன், ஒருவர் மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க வேண்டும். அவர் படிக்கும் நேரத்தில் மற்ற எல்லாருடைய அனுமதியையும் கருத்துச் சொல்வதோடு நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் அவர் படித்து முடித்த பத்தியை வேறொருவர் மாற்றிக்கொண்டிருப்பார். படித்து முடித்ததும் அந்தப் பதிப்புக்குத் தேதியோடு ஒரு பெயர் கொடுத்துப் பதிப்பு வரலாற்றில் பதித்துவிட்டு, பிடிஎஃப் எடுத்து அனுப்புங்கள். அனுமதிகளை அதற்குப் பிறகு திறந்துவிடலாம்.